ஜூனில் தள்ளாடும் புயல் செப்டம்பரைப் பற்றி என்ன சொல்லும்?

கேள்வி: புளோரிடாவில் டாம்பா விரிகுடாவை ஒட்டிய ஊரில், சென்ற குளிர்காலத்தில் வீடு வாங்கிக் குடிவந்தோம். இந்த ஜூனில் மெக்சிகோ வளைகுடாவில் பருவத்தின் முதல் புயல் உருவானது. பெயர் வைத்த மறுநாளே மேகமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. மூன்றாம் நாள் கலைந்தே போனது. "விளையும் பயிர் முளையிலேயே தெரியும், இந்த வருஷம் பெரிதாக ஒன்றும் வராது" என்கிறார் தஞ்சாவூரில் இருக்கும் என் மாமனார். பக்கத்து வீட்டுக்காரரோ, "சீசன் தொடங்கியதுமே புயல் என்றால் மோசமான வருஷம்" என்கிறார். யார் சொல்வது சரி? வெள்ளக் காப்பீட்டையும் ஜன்னல் தடுப்புகளையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாமா? மாமனாரும் மாமியாரும் செப்டம்பரில் இங்கே வருவதாக இருக்கிறது. தேதியை மாற்றச் சொல்லவா?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பொருந்தாது. ஜூனில் வளைகுடாவில் எழும் புயல் தள்ளாடினாலும் சரி, சீறினாலும் சரி, ஆகஸ்ட் கடைசிக்கு மேல் வரப்போவதைப் பற்றி அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே வாங்குங்கள். ஏன் இந்த வாரம் என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

உங்கள் மாமனார் சொன்ன பழமொழி, முளையும் பயிரும் ஒரே விதையிலிருந்து வரும்போதுதான் செல்லும். இங்கே விதையே வேறு. ஜூன், ஜூலையில் வளைகுடாவிலும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரமும் எழும் புயல்களில் பெரும்பாலானவை உள்ளூர்ச் சரக்கு. வடக்கேயிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும் கடல்மேல் இருக்கும் வெதுவெதுப்பான காற்றும் சந்திக்கும் எல்லை, வளைகுடாவுக்கு மேல் வந்து நகராமல் நின்றுவிடும். அதன் வால்பகுதியில் மேகம் திரண்டு சுழலத் தொடங்கும். இல்லையென்றால் மத்திய அமெரிக்காவைச் சுற்றி அகலமாக, மெதுவாகச் சுழலும் தாழ்வழுத்தப் பகுதியிலிருந்து ஒரு துண்டு பிரிந்து வடக்கே வரும்.

ஆகஸ்ட் நடுவிலிருந்து வருபவை வேறு இனம். ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே, கிழக்கிலிருந்து மேற்காக நகரும் காற்றலைகள் ஆண்டுக்கு 60 அளவில் செனகல் கரையைத் தாண்டி அட்லாண்டிக்கில் இறங்குகின்றன. காற்று மணிக்கு 74 மைலை எட்டிவிட்ட புயலை ஹரிக்கேன் என்கிறார்கள். அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் புயல்களிலும் சிறிய ஹரிக்கேன்களிலும் 60 சதவீதம் இவற்றிலிருந்து பிறப்பவை. மணிக்கு 111 மைலுக்குக் குறையாத காற்றுள்ள பெரிய ஹரிக்கேன்களில் இது 85 சதவீதம். அந்தப் பெரிய ஹரிக்கேன்கள் கடலில் இருக்கும் நாள்களை எண்ணினால் 96 சதவீதம் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஆகிய மூன்றே மாதங்களில் அடங்கிவிடும். ஆறு மாதப் பருவத்தில் ஜூன் 1 என்பது நாள்காட்டியின் தொடக்கம் மட்டும்தான்.

உங்கள் ஜூன் புயல் ஏன் தள்ளாடியது? ஜூன் மாதத்தில் வளைகுடா நீர் புயலுக்குத் தேவையான 26.5 டிகிரி செல்சியஸைப் பெரும்பாலும் எட்டியிருக்கும், ஆகவே வெப்பக் குறைவு முதற்காரணம் அல்ல. மேலேயுள்ள காற்றுதான் காரணம். தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கும் 12 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கும் வேகத்திலோ திசையிலோ உள்ள வித்தியாசத்தை விண்ட் ஷியர் என்கிறோம். அது 10 நாட் (knot, மணிக்கு ஏறக்குறைய 11.5 மைல்) வேகத்துக்குள் இருந்தால் புயலுக்குக் கொண்டாட்டம். 20 நாட் வேகத்தைத் தாண்டினால் திணறல். ஜூனில் மேல்மட்ட மேற்கத்திய வேகக்காற்று இன்னும் வடக்கே ஒதுங்காமல் அடிக்கடி வளைகுடாவுக்கு மேலேயே ஓடும். புயலின் நடுவில் எழும் இடிமேகங்களின் தலையை அது கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அந்த மேகங்கள் வெளியிடும் வெப்பம் மையத்துக்கு நேர் மேலே தங்கினால்தான் மையத்தில் அழுத்தம் குறையும். வெப்பம் வேறிடத்தில் சேர்ந்தால் அழுத்தம் குறையாது. பக்கவாட்டில் வறண்ட காற்றும் உள்ளே நுழையும். செயற்கைக்கோள் படத்தில் மேற்கே மேகமில்லாத வெறும் சுழியும் கிழக்கே மேகக்குவியலும் தனித்தனியாகத் தெரிந்திருக்குமே, அதுதான் இது.

தஞ்சாவூரில் இருப்பவருக்கு இதை வங்கக் கடலை வைத்தே சொல்லலாம். ஆடி, ஆவணியில் வங்கக் கடல் சூடாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அப்போது தமிழ்நாட்டுக் கரைக்குப் பெரும்புயல் வருவதில்லை. கீழே தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கம் இழுக்க, மேலே கிழக்கிலிருந்து வரும் வேகக்காற்று எதிர்ப்பக்கம் இழுக்க, புயலின் தூண் நிமிர்ந்து நிற்க முடிவதில்லை. அந்த இழுபறி ஓய்ந்த பிறகு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. ஆடியில் கடல் அமைதியாக இருந்தது, ஆகவே கார்த்திகையிலும் இருக்கும் என்று டெல்டாவில் யாரும் சொல்ல மாட்டார்கள். வளைகுடாவின் ஜூனும் செப்டம்பரும் அப்படித்தான். ஜூன் புயல் காட்டியது அந்த மூன்று நாள் மேல்காற்றின் நிலையை. அந்தக் காற்றோட்டம் சில வாரங்களில் இடம் மாறிவிடும்.

பழைய ஆண்டுகளைப் புரட்டினால் இது இன்னும் தெளிவாகும். 1997-இல் ஜூலை முடிவதற்குள் ஆனா, பில், கிளாடெட், டேனி என நான்கு பெயர்கள் செலவாகிவிட்டன. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அன்று இருந்திருந்தால் ஊரையே எச்சரித்திருப்பார். அந்த ஆகஸ்டில் ஒரு புயல்கூட உருவாகவில்லை. மீதிப் பருவம் முழுக்க வந்தவை மூன்றே. பசிபிக்கில் வலுவான எல் நினோ கிளம்பி, அட்லாண்டிக்கின் மேல்காற்றைக் கெடுத்துவிட்டிருந்தது. 2004-இல் நேர் எதிர். ஜூலை 31 வரை ஒன்றுமில்லை. அதன் பிறகு ஆகஸ்ட் 13-க்கும் செப்டம்பர் 26-க்கும் இடையில் சார்லி, பிரான்சிஸ், ஐவன், ஜீன் என நான்கு ஹரிக்கேன்கள் புளோரிடாவைத் தாக்கின. 2015 முதல் 2021 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஜூன் 1-க்கு முன்பே ஒரு புயலுக்குப் பெயர் வைக்க நேர்ந்தது. அந்த ஏழில் 2015-உம் உண்டு, மொத்தம் 11 புயல்களோடு அடங்கிப்போன ஆண்டு. 2020-உம் உண்டு, 30 புயல்களோடு வரலாறு காணாத ஆண்டு. தொடக்கம் ஒரே மாதிரி, முடிவு இரு துருவம்.

பலவீனமான தொடக்கத்துக்கும் இதே கதிதான். 2025-இல் முதல் புயல் ஆன்ட்ரியா ஜூன் 24 அன்று நடு அட்லாண்டிக்கில் உருவாகி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அதே பருவத்தில் எரின், ஹம்பர்ட்டோ, மெலிசா என மூன்று புயல்கள், காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகைகளில் உச்சமான ஐந்தாம் வகையைத் தொட்டன. அக்டோபர் 28 அன்று மெலிசா மணிக்கு 185 மைல் காற்றோடு ஜமைக்காவில் கரையேறியது. 2022-இல் ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் மூன்று சிறு புயல்கள் வந்து போயின. ஆகஸ்ட் முழுக்க வெறுமை. "இந்த வருஷம் அவ்வளவுதான்" என்ற பேச்சு பரவியிருந்தபோது, செப்டம்பர் 28 அன்று உங்களுக்குத் தெற்கே காயோ கோஸ்டாவில் இயன் மணிக்கு 150 மைல் வேகத்தில் கரையேறியது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தள்ளாடும் புயல் அந்தப் பருவத்தைப் பற்றி மட்டுமல்ல, தன்னைப் பற்றியே சரியாகச் சொல்வதில்லை. 1992-இல் முதல் பெயர் ஆகஸ்ட் 17 அன்றுதான் வைக்கப்பட்டது: ஆண்ட்ரூ. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, விண்ட் ஷியரில் சிக்கி அதன் மைய அழுத்தம் 1015 மில்லிபாருக்கு ஏறியது. சாதாரண நாளில் கடல்மேல் இருக்கும் அழுத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். புயல் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. பிறகு மேல்காற்று விலகியது. ஆகஸ்ட் 24 விடியற்காலையில் அதே ஆண்ட்ரூ தெற்குப் புளோரிடாவிலுள்ள ஹோம்ஸ்டெட் பக்கம் ஐந்தாம் வகைப் புயலாக நுழைந்து ஊரைத் தரைமட்டமாக்கியது. அந்தப் பருவத்தில் பெயர் பெற்ற புயல்கள் மொத்தமே ஆறு. 2017-இல் ஹார்வி, கரீபியன் கடலில் ஆகஸ்ட் 19 அன்று சுழற்சியையே இழந்து வெறும் காற்றலையாகிவிட்டது. 23 அன்று மெக்சிகோவின் காம்பெச்சே விரிகுடாவில் மறுபடி உயிர்பெற்றது. 25 இரவு டெக்சாஸின் ராக்போர்ட் அருகே நான்காம் வகை. புயல் கலைந்தது என்ற செய்தி வந்த பிறகும், மிச்சமிருக்கும் சுழி எங்கே போகிறது என்று ஒரு வாரம் கவனிப்பது இதனால்தான்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஜூன், ஜூலைப் புயல் எங்கே பிறந்தது என்று பாருங்கள். ஆப்பிரிக்கக் கரைக்கும் கரீபியனின் கிழக்கு விளிம்பிலுள்ள தீவுகளுக்கும் இடையே, வட அட்சம் 10-க்கும் 20-க்கும் நடுவே உள்ள கடல்தான் செப்டம்பர் ஹரிக்கேன்களின் முதன்மை விளைநிலம். பர்படோஸுக்குக் கிழக்கே என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜூனில் அங்கே நீர் வழக்கமாகப் போதிய சூடேறியிருக்காது, சகாராவின் தூசிக்காற்று வந்து காய வைக்கும், விண்ட் ஷியரும் கூடுதல். இத்தனையையும் மீறி ஆப்பிரிக்க அலையிலிருந்து அங்கே புயல் எழுகிறது என்றால், செப்டம்பருக்கு உரிய நிலைமை முன்கூட்டியே வந்துவிட்டது என்று பொருள். இங்கே முளையும் பயிரும் ஒரே விதை. 2017 ஜூனில் பிரெட் அப்படி வந்தது, பின்னால் ஹார்வி, இர்மா, மரியா. 2024-இல் பெரில் ஜூன் 28 அன்று அந்தக் கடலில் பிறந்து ஜூலைத் தொடக்கத்திலேயே ஐந்தாம் வகையை எட்டியது. அவ்வளவு சீக்கிரம் எந்த அட்லாண்டிக் புயலும் அதற்கு முன் எட்டியதில்லை. அந்தப் பருவம் 11 ஹரிக்கேன்களோடு முடிந்தது.

ஆனால் இந்த அடையாளமும் சறுக்கும். 2013 ஜூலையில் சாண்டல், டோரியன் இரண்டும் அதே கடலில் எழுந்தன. இரண்டும் தள்ளாடிக் கலைந்தன. அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவா அந்த மே மாதம் 7 முதல் 11 ஹரிக்கேன்களை எதிர்பார்த்திருந்தது. வந்தவை இரண்டே, அவையும் முதல் வகை. ஆகவே ஆழ்கடலில் பிறக்கும் ஜூன் புயலைக் கண்டால் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. அது உறுதியான முன்னறிவிப்பு அல்ல. உங்கள் ஜூன் புயல் வளைகுடாவில் பிறந்தது. இந்த விதிவிலக்கில் அது சேராது.

பருவத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பசிபிக்கைப் பாருங்கள். பூமத்திய ரேகையையொட்டி மேற்கு தீர்க்கம் 120 முதல் 170 வரையுள்ள கடல், தன் சராசரியைவிட அரை டிகிரியோ அதற்கு மேலோ சூடாகி அப்படியே நிலைத்தால் எல் நினோ. கரீபியனின் மேல்காற்று வேகமெடுத்து அட்லாண்டிக் புயல்களை அறுக்கும். அரை டிகிரி குளிர்ந்து நிலைத்தால் லா நினா. புயல்களுக்கு வழி திறக்கும். அடுத்தது, முன்சொன்ன விளைநிலக் கடலின் வெப்பம். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்தால் கணிப்பு கடினம். 2023-இல் வலுவான எல் நினோ இருந்தும், அட்லாண்டிக் என்றுமில்லாத அளவு சூடாக இருந்ததால் 20 புயல்கள் வந்தன. நோவா மே கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை சில முறையும் பருவக் கணிப்பை வெளியிடுகின்றன. ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் ஆகஸ்ட் கணிப்பைப் படியுங்கள். அதற்குள் பசிபிக்கின் போக்கு தெளிவாகிவிடும். 1991 முதல் 2020 வரையிலான சராசரி 14 புயல்கள், அவற்றில் 7 ஹரிக்கேன்கள், அவற்றில் 3 பெரியவை. எந்தக் கணிப்பையும் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த எண்கள் உங்கள் தெருவைப் பற்றியவை அல்ல. 2010-இல் 12 ஹரிக்கேன்கள் எழுந்தும் ஒன்றுகூட ஹரிக்கேன் வலுவோடு அமெரிக்கக் கரையைத் தொடவில்லை. ஆறே பெயர்கள் கண்ட 1992-ஐ ஹோம்ஸ்டெட் மக்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பலவீனமான புயல் என்றால் பாதிப்பில்லை என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தொனிக்கிறது. வகை எண் காற்றின் வேகத்தை மட்டும் அளக்கிறது. மழையையும் கடல் எழுச்சியையும் அளப்பதில்லை. 2001 ஜூனில் அலிசன் ஹரிக்கேனாக ஆகவே இல்லை. ஹூஸ்டன் துறைமுகப் பகுதியில் அது கொட்டிய மழை ஏறக்குறைய 37 அங்குலம். பெரும் சேதம் செய்த புயலின் பெயரை மறுபடி வைக்காமல் ஓய்வளித்துவிடுவார்கள்; ஹரிக்கேன் ஆகாமலேயே ஓய்வளிக்கப்பட்ட முதல் பெயர் அதுதான். 2012 ஜூனில் டெபி உங்கள் ஊருக்கு வடமேற்கே வளைகுடாவில் நகராமல் நின்றது. விண்ட் ஷியர் மேகத்தையெல்லாம் கிழக்கே தள்ளியதால், கரையேறும் முன்பே புளோரிடா நனைந்து மூழ்கியது. வெட்டுண்ட புயலின் கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், மையம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதைவிட மேகம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மெதுவாக நகரும் புயலுக்குக் காற்று குறைவாக இருந்தாலும் அஞ்ச வேண்டும்.

இப்போது காப்பீடு. வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். மத்திய அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் பாதுகாப்பு தொடங்கும். ஜூன் 15-இல் வாங்கினால் ஜூலை 15. "ஆகஸ்ட் 20 வரை பார்ப்போம்" என்று பொறுத்தால் செப்டம்பர் 19. பருவத்தின் உச்சமான செப்டம்பர் 10 பாதுகாப்பில்லாமலே கழிந்துவிடும். புயல் கடலில் தெரிந்த பிறகு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். தனியார் நிறுவனங்கள் சில இதைவிடக் குறைந்த நாள் காத்திருக்கச் சொல்கின்றன, ஆனால் புயல் நெருங்கினால் புதிய பாலிசியை நிறுத்திவிடுவார்கள். அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். வீட்டிலுள்ள பொருள்களுக்கு 1,00,000 டாலர், ஆனால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பலர் கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு, மெத்தையும் பிரிட்ஜும் போன பிறகுதான் கவனிக்கிறார்கள்.

கையோடு வீட்டுக் காப்பீட்டுத் தாளையும் எடுத்து, ஹரிக்கேனுக்கென்று தனியாக எழுதியிருக்கும் கழிவுத் தொகையைப் பாருங்கள். அது பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால், முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. சேதத்தில் 2 சதவீதம் அல்ல, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம்.

அடுத்து, இரண்டு வரைபடங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடனுக்கும் காப்பீட்டுக்கும் பார்க்கும் வெள்ள மண்டலம் ஒன்று. அதில் ஏஇ, விஇ, எக்ஸ் என்று குறியிருக்கும். கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) வெளியிடும் வெளியேற்ற மண்டலம் வேறு. அதில் ஏ முதல் ஈ வரை, ஏ என்றால் முதலில் கிளம்ப வேண்டியவர்கள். வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைந்த எக்ஸில் இருக்கும் வீடு, வெளியேற்ற வரைபடத்தில் பி-யிலோ சி-யிலோ இருக்கலாம். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் டாம்பாவுக்கு மேற்கே ஏறக்குறைய நூறு மைல் தள்ளிக் கடலோடு போனது. அப்படியிருந்தும் விரிகுடாவில் நீர் 6 அடிக்கு மேல் எழுந்து வீடுகளுக்குள் புகுந்தது. இரண்டு வாரத்தில் மில்ட்டன் விரிகுடாவுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. காற்றின் திசை மாறி விரிகுடா நீரை வெளியே இழுத்தது, ஆனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. நீங்கள் வாங்கிய வீட்டில் அப்போது என்ன நடந்தது என்று தெரியுமா? புளோரிடாவில் அக்டோபர் 2024 முதல், வீட்டை விற்பவர் வெள்ளத்துக்காகக் காப்பீட்டுத் தொகை கோரியிருந்தால் அதை எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். பத்திரக் கட்டில் அந்தப் படிவத்தைத் தேடி எடுங்கள்.

ஜன்னல் தடுப்புகளுக்கு ஆலைத் தயாரிப்பான இரும்பு, அலுமினியப் பலகைகள் நல்லவை, ஆனால் ஆர்டர் கொடுத்தால் வந்து பொருத்த வாரக்கணக்கில் ஆகலாம். இந்தப் பருவத்துக்கு 5/8 அங்குல பிளைவுட் போதும். இப்போதே அளந்து அறுத்து, துளையிட்டு, எந்த ஜன்னலுக்கு எது என்று எண் எழுதிக் கராஜில் அடுக்கி வையுங்கள். சுவரின் மேற்பூச்சில் ஆணி அடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதல் பலமான வீச்சிலேயே பிடுங்கிக்கொண்டு வரும். பூச்சைத் தாண்டி உள்ளேயிருக்கும் மரச்சட்டத்திலோ கான்கிரீட்டிலோ இறங்கும் திருகாணி அல்லது ஆங்கர் வேண்டும். கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. ஜன்னலைவிட கராஜ் கதவை முதலில் பாருங்கள்: அகலமான அந்தக் கதவு உள்வாங்கினால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். காற்றழுத்தத்தைத் தாங்கும் தரச்சான்றுள்ள கதவா என்பது உள்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்.

மாமனார், மாமியார் வருகை. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் உங்கள் ஊருக்குப் புயல் வரும் வாய்ப்பு சிறியதுதான், எந்தப் பருவக் கணிப்பாலும் அந்த வாரத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. தேதியை மாற்றுவது எளிதென்றால் நவம்பர் நடுவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்குத் தள்ளுவதில் லாபமில்லை. அந்த மாதத்தில் மேற்குக் கரீபியனில் எழும் புயல்கள் வடக்கே புளோரிடாவை நோக்கித் திரும்பும். 1921-இல் டாம்பா விரிகுடாவை நேராகத் தாக்கிய பெரிய ஹரிக்கேன் அக்டோபர் 25 அன்று வந்தது. செப்டம்பரே முடிவென்றால், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். பயணக் காப்பீட்டையும் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள்; பெயர் வைத்துவிட்ட புயலுக்குப் பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது.

அவர்கள் இங்கே இருக்கும்போது வெளியேறச் சொன்னால், வயதானவர்களைக் காரில் வைத்துக்கொண்டு ஜார்ஜியா வரை போக வேண்டியதில்லை. தண்ணீரிடமிருந்து தப்பினால் போதும். வெளியேற்ற மண்டலத்துக்கு வெளியே இருபது, முப்பது மைல் உள்நாட்டில், உறுதியான வீடு ஒன்று இருந்தால் அதுவே சரி. அப்படி ஒரு நண்பர் வீட்டாரிடம் இப்போதே பேசி வையுங்கள். மருந்துகளை ஊரிலிருந்து வரும்போதே ஒரு மாதத்துக்குக் கூடுதலாக எடுத்து வரச் சொல்லுங்கள், மருந்துச் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். இந்தியப் பிராண்டுப் பெயர் இங்குள்ள மருந்துக்கடையில் புரியாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், ஏழு நாளுக்கு. நீங்கள் நான்கு பேர் என்றால் 28 கேலன். இருவரில் யாராவது இன்சுலின் போடுபவராக இருந்தால், மின்சாரம் போன புளோரிடா வீட்டில் வெப்பம் 30 டிகிரியை எளிதாகத் தாண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள் அந்த அளவுக்குள் 28 நாள் வரை தாங்கும், அதற்கு மேல் சூடானால் வீரியம் குறையும். சிறிய ஐஸ் பெட்டியில், துணியில் சுற்றி, பனிக்கட்டி நேராகப் படாமல் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினையும் பயன்படுத்தக் கூடாது.